வீடு தேடிப் போய்ச் சொன்ன செய்தி

இங்கே அலுவலக அறைக் கதவுகள் எப்போதும் திறந்தே கிடக்கின்றன. ஒரு கதவை மூடினால் வெளியே பேச்சு அடங்கிவிடும். உள்ளே யாருக்கோ வேலை போகிறது என்று பொருள். கனடாவின் இந்தச் சிறு நகரத்துக் கூடைப்பந்து கிளப்பில் இரண்டு வருடம் துணைப் பயிற்சியாளராக இருந்தேன். போன கோடையில் ஃபிரண்ட் ஆபீசுக்கு மாறினேன். ஆட்டக்காரர்களில் யாரை எடுப்பது, யாரை விடுவது என்று பார்க்கிற வேலை. இதை ஊரில் விளக்க முடியவில்லை. "ஏலே, கோச்சாப் போனவன் இப்ப லாட்ஜுல சாவி குடுக்குற வேலையா பாக்குற?" என்று அப்பா போனில் கேட்டார். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். எதைச் சொன்னாலும் நம்புகிறவர், இதை மட்டும் நம்பவில்லை. மைதானத்தை விட்டு வந்தபின் என்னிடம் சத்தமாகப் பேசுகிறவரும் அவர் ஒருவர்தான்.

ஜனவரியில் டைலர் என்ற ஆட்டக்காரனை அணியிலிருந்து விடுவிப்பதென்று முடிவானது. கடிதம் தயார். "திங்கட்கிழமை கூப்பிடு, கதவை மூடு, ஐந்து நிமிடத்தில் முடி" என்றார் என் மேலாளர் லிண்டா. டைலரின் இடது கை ஆட்டத்தைத் திருத்தியவன் நான். மூடிய கதவுக்குள் அவனை உட்கார வைக்க மனம் வரவில்லை.

ஊரில், மார்க்கையன்கோட்டையில், பையன்களுக்குப் பயிற்சி கொடுத்த நாட்களில் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. அணியில் பெயர் இல்லாதவன் அதை நோட்டீஸ் போர்டில் பார்க்கக் கூடாது. முந்தின நாள் சாயங்காலமே அவன் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட வேண்டும். ஒருமுறை அப்படிப் பெயர் விடுபட்ட பாண்டியின் வீட்டு வாசலில் நான் வாய் திறக்கும் முன்பே அவன் அம்மா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஏலே பாண்டி, சார் வந்துருக்காக. ஒம் பேரு இல்லடா, எந்திரிச்சு வா!" பிறகு என்னிடம், "மொகத்த ஏன் சார் தொங்கப் போடுறீக? உக்காந்து ரெண்டு வாய் சாப்புட்டு அப்புறம் சொல்லுங்க, அவன் தாங்குவான்" என்றார். பாண்டி அழுதுகொண்டே எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தான். மறுநாள் மைதானத்துக்கு முதலில் வந்தவனும் அவன்தான்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு பை ஆப்பிளோடு பஸ் ஏறி டைலர் வீட்டுக்குப் போனேன். படியில் பனி உறைந்திருந்தது. கதவைத் திறந்தவன் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து உள்ளே திரும்பினான்.

"அம்மா, கிளப்பிலிருந்து வீட்டுக்கே வந்திருக்கிறார்கள்! புது ஒப்பந்தம்தான்!"

நான் அதற்குள் குனிந்து ஒரு ஷூவைக் கழற்றியிருந்தேன். உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. இனித் தாமதித்தால் அந்த அம்மாளும் வந்துவிடுவார். அங்கேயே, வாசலிலேயே, சொல்லிவிட்டேன்.

டைலர் கதவைத் தன் முதுகுப்பக்கம் சாத்தினான். குரலைத் தாழ்த்தினான். "இதை ஆபீசில் சொல்லியிருக்கலாமே, கோச். அம்மாவிடம் எப்போது சொல்வதென்று நானே முடிவு செய்திருப்பேன்."

"நேரில் வந்து சொல்வதுதான் மரியாதை என்று..."

"யாருக்கு?"

கையிலிருந்த ஆப்பிள் பையை நீட்டினேன். அவன் அதை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னான். உள்ளே போய்க் கதவை ஓசையில்லாமல் மூடினான். அந்த அம்மாள் ஏதோ கேட்பதும், அவன் நெடுநேரம் பதில் சொல்வதும் மங்கலாகக் கேட்டன. ஒரு கால் ஷூவுக்குள் இருந்தது. இன்னொரு கால் வெறும் காலுறையோடு பனியில் நனைந்துகொண்டிருந்தது. கழற்றியதை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். கால் விரல்கள் மரத்துப்போய்விட்டன. அப்படியே நின்றேன்.