சேனை வைக்கிற கை

முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக்கொண்டிருக்கிறாள் மாயக்காள். முதலில் உள்ளங்கை, பிறகு விரல் இடுக்கு, நகக்கண், கடைசியில் மணிக்கட்டில் வளையல் இருக்க வேண்டிய இடம். வளையல் போடுவதில்லை, பிரசவ வார்டுக்கு வந்த அன்றே கழற்றி வைத்தது. மகள் பாண்டியம்மாள் சொம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றுகிறாள். கழுவி முடித்ததும் கையைத் துண்டில் துடைக்காமல் காற்றில் பிடித்தபடி வந்து தட்டுக்கு முன்னால் உட்காருவாள். வார்டில் இதைச் செய்தால் ஒழுங்கு, வீட்டில் செய்தால் கிறுக்கு. "ஆப்ரேசனுக்குப் போறவ மாதிரி கழுவுறா பாரு. கத்திரிக்காக் கொழம்புக்குள்ள என்னத்தா சீக்கு இருக்கப் போகுது?" என்று சிரிப்பாள் நாத்தனார் முருகம்மாள். மாயக்காள் சோற்றைப் பிசைவாள்.

வயது முப்பத்து நாலு. குடியிருப்பது நாகமலை புதுக்கோட்டையில். வேலை, மேற்கே உசிலம்பட்டி ரோட்டில் ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில். வெள்ளைச் சேலையின் கரை தரையில் படாமல் இடது கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறுவாள். ஏறியதும் அவள் கண் போகிற இடம் பெண்களின் பாதம். "ஏத்தா, காலு வீங்கியிருக்கே, உப்பக் கொறச்சுக்க. நாளைக்கே வந்து பிரசர் பாத்துக்க" என்பாள், முன்பின் தெரியாதவளிடம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணின் மாமியாருக்குக் கோபம் வரும். இறங்குகிற வரைக்கும் மாயக்காள் அந்தக் கோபத்தைக் கேட்டுக்கொண்டே வருவாள். கடைசியில் அந்த மாமியாரே மருமகளைக் கூட்டிக்கொண்டு மறுநாள் வந்து நிற்பாள்.

வார்டில் அவள் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. வலி தாங்காமல் ஒருத்தி அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்தாலும், "இழுத்துக்க, இழுத்துக்க. மூச்ச மட்டும் விட்டுறாத" என்பாள். புதிதாக வந்த டாக்டர் தன் எரிச்சலை அவள்மேல் கொட்டினால் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வாள். இதனால் சுற்று வட்டாரத்தில் அவளுக்கு ஒரு பேர். மாயக்கா நர்சு கையால் சேனை வைத்தால் பிள்ளை பொறுமையாக வரும் என்பது அந்தப் பேர்.

பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் சொட்டு இனிப்பைத் தொட்டு வைப்பதுதான் சேனை. யார் விரலால் வைக்கிறார்களோ அவர்களுடைய குணம் பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. முரட்டுப் பிள்ளையைப் பார்த்தால், "எவன்டா இதுக்குச் சேனை வச்சது?" என்றுதான் முதலில் கேட்பார்கள். தாய்ப்பாலுக்கு முன்னால் வேறு எதுவும் கொடுக்கக்கூடாது என்று வார்டுச் சுவரில் எழுதியிருக்கிறது. எழுதச் சொன்னவளே மாயக்காள்தான். ஆனால் டாக்டர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் யாராவது ஒரு டம்ளரில் சீனித் தண்ணீரோடு வந்து நிற்பார்கள். "இதெல்லாம் கூடாதுத்தா" என்று சொல்லிக்கொண்டே கழுவிய விரல் நுனியை முக்கி, பட்டும் படாமல் ஒரு துளி வைத்துவிடுவாள். பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்குத்தான் கேட்பார்கள். பெண் பிள்ளை என்றால் டம்ளர் கொண்டுவந்தவர்கள் தண்ணீரை வாசலில் கொட்டிவிட்டுப் போனதும் உண்டு. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு, யாரும் கேட்காமலே, தன் டீக்குடுவையிலிருந்து ஒரு சொட்டுத் தொட்டு வைத்திருக்கிறாள்.

அவள் நர்ஸ் ஆனதே ஒரு வேடிக்கை. அப்பா கருத்தக்கண்ணன் மானாவாரிக் காட்டில் கம்பு விதைத்தவர். மகள் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணிவிட்டுக் கல்லூரிக்குப் போக வேண்டும் என்று அழுதபோது, ஹாஸ்டலும் சாப்பாடும் தருகிறார்கள் என்று நர்ஸ் பயிற்சிக்கு அனுப்பினார். "ஆம்பளையத் தொட்டுத் தூக்குற வேலைக்கா பிள்ளைய விட்ட?" என்று ஊரே அவரைக் காறித் துப்பியது. மாதச் சம்பளம் வரத் தொடங்கிய பிறகு அதே ஊர் மாப்பிள்ளையோடு வந்து கதவைத் தட்டியது. அப்படி வந்தவன்தான் ஆண்டிச்சாமி. புதுக்கோட்டையில் வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கிறான். பக்கத்துப் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் வந்தால் எழுந்து நின்று, "வாங்க சார், இதுல பிரேக்கு நல்லாப் பிடிக்கும், இத எடுத்துக்கங்க" என்பான். படித்தவர்கள் மேல் அவனுக்கு அத்தனை மரியாதை. வீட்டில் ஒருத்தி படிக்கக் கிளம்புவாள் என்று அவன் நினைத்துப் பார்த்ததில்லை.

அந்தப் பேச்சு இந்த எண்பத்து நாலாம் வருஷ ஆடியில் வந்தது. டிப்ளமா முடித்து வேலை பார்க்கிற நர்சுகள், நாலு வருஷப் பட்டப் படிப்பை இரண்டே வருஷத்தில் மெட்ராஸில் முடித்துவிட்டு வரலாம். சம்பளம் நிற்காது. முடித்துவிட்டு வந்தால் வார்டை விட்டு நர்சிங் ஸ்கூலில் டீச்சர் ஆகலாம். முப்பத்தைந்து வயசுக்கு மேல் எடுக்க மாட்டார்கள். மாயக்காளுக்கு வருகிற தையில் முப்பத்தைந்து முடிகிறது. தலைமை நர்ஸ் சைனப் அக்காதான் வற்புறுத்தி மனுப் போட வைத்தாள். இடம் கிடைத்துவிட்டது என்று தெரிந்த அன்று மாயக்காள் ஸ்டெரிலைசரில் ஊசி வெந்துகொண்டிருப்பதை மறந்து, தண்ணீர் வற்றும் வரை அப்படியே நின்றிருக்கிறாள். பதினான்கு வருஷ சர்வீசில் அது ஒன்றுதான் அவள் செய்த கவனப் பிசகு.

இல்லை, இன்னொன்றும் செய்தாள். வீட்டில் போய்க் கேட்டாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "நான் போறேன்" என்று சொல்லியிருந்தால் இரண்டு நாள் கூப்பாடு போட்டுவிட்டு மூன்றாம் நாள் காபி குடித்திருப்பார்கள். அவளோ எல்லோரும் சாப்பிட்டு முடிக்கிற வரை காத்திருந்து, "போகட்டுமா?" என்று கேட்டாள். ஆண்டிச்சாமி கை கழுவிவிட்டு வந்து, "ஒன் இஷ்டந்தான். நான் என்னத்தச் சொல்ல?" என்றான். முருகம்மாள் அவனுக்கு மூத்தவள். புருஷன் செத்த பிறகு மகனோடு தம்பி வீட்டிலேயே இருக்கிறவள். "ஒன் இஷ்டம்த்தா. சமைஞ்சு நிக்கப்போற பிள்ளைய விட்டுட்டுப் போறதும் போகாததும் ஒன் இஷ்டம்" என்றாள் அவள்.

'ஒன் இஷ்டம்' என்கிற சொல்லைக் கண்டுபிடித்தவன் கெட்டிக்காரன். அதில் தடை இல்லை, சண்டை இல்லை, நாளைக்கு யாரும் பழி சுமக்க வேண்டியதில்லை. மறுநாளிலிருந்து ஆண்டிச்சாமிக்குப் பசி எடுக்கவில்லை. மத்தியானம் கடையிலேயே டீயும் பன்னும். முருகம்மாள் யாரைப் பார்த்தாலும், "எங்க நர்சம்மா மெட்ராசு போறாகல்ல, இனிமே இந்த வீட்ட நாந்தான் இழுக்கணும்" என்று முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். மாயக்காள் கட்டிலுக்கடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுத்துத் துடைத்து, நாலு சேலையை மடித்து வைத்தாள். அடுத்த நாள் அதன்மேல் ஒரு கடலை மூட்டை இருந்தது. அதற்கும் அடுத்த நாள் கடையிலிருந்து வந்த பழைய டயர்கள். பிறகு மாவு அரைத்த குண்டான். வேண்டுமென்று யாரும் வைக்கவில்லை. வீட்டில் வேறு இடமில்லை, அவ்வளவுதான்.

இத்தனைக்குப் பிறகும் அவள் போயிருப்பாள் என்றுதான் தோன்றுகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை இல்லாமல் இருந்திருந்தால்.

பாண்டியம்மாள் ஒன்பதாவது படிக்கிறாள். தவளையின் வயிற்றுக்குள் இருப்பதையெல்லாம் படமாக வரைந்து வைத்துக்கொண்டு, டாக்டர் ஆவேன் என்று அம்மாவிடம் மட்டும் சொல்கிற பெண். அன்றைக்கு அவளுக்குப் பேன் பார்த்துக்கொண்டே முருகம்மாள் கேட்டாள்: "ஆத்தா, ஒங்கம்மா போயிட்டா அடுப்பு யாரு பாக்குறது? ஒம்பதாவதே எம்புட்டுப் பெரிய படிப்பு. நின்னுக்கிறியா? எப்படியும் எம் மவனுக்குத்தான ஒன்னையக் கட்டப்போறோம்." மாயக்காள் உள்ளே சேலைக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தாள். மகள் மாட்டேன் என்று சொல்லுவாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். பிள்ளை தலையைக் குனிந்தபடியே சொன்னது: "ஒங்க இஷ்டம் அத்தே."

கஞ்சிச் சட்டியில் கையை வைத்தவள் வைத்தபடியே நின்றாள். பாண்டியம்மாள் பிறந்தபோது, பெண் பிள்ளை என்று கேட்டுப் புருஷன் வீட்டிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. சேனை வைக்க ஆளில்லாமல் மாயக்காளே படுத்தபடியே தன் விரலால் தொட்டு வைத்தாள். இதிலெல்லாம் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. கிருமிதான் ஒட்டும், குணம் ஒட்டாது என்று ஆயிரம் பேருக்குச் சொன்னவள். ஆனால் அந்தக் குரல் தன்னுடைய குரல் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அப்பா கம்பங்காட்டு வரப்பில் வைத்து, "நர்சுக்குப் போறியா?" என்று கேட்டபோது அவள் சொன்னதும் இதேதான்.

அன்று சாயங்காலம் அவள் ஒரு பேரம் பேசினாள். "மதினி, நான் மெட்ராசு போகல. பிள்ள பள்ளிக்கூடம் போகணும்" என்றாள். முருகம்மாள் முகம் மலர்ந்து, "அதுக்கென்னத்தா, அது ஒங்க இஷ்டம்" என்றாள். அந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று மாயக்காளுக்குத் தெரியும். தெரிந்தும் வேறு வழி தெரியவில்லை. ஆண்டிச்சாமி அன்றிரவு இரண்டு முறை குழம்பு ஊற்றிச் சாப்பிட்டான்.

மெட்ராஸில் போய்ச் சேர வேண்டிய கடைசி நாளுக்கு முந்தின நாள் அவளுக்குப் பகல் டியூட்டி. வேலை முடிந்ததும் நேராக மதுரைக்குப் போனால் மெட்ராஸ் ரயிலைப் பிடித்துவிடலாம். சைனப் அக்கா வற்புறுத்துவதை விடவில்லை. "துணிமணிகூட வேணாம்டி. நான் தாரேன். ஏறு, போ. ரெண்டே வருசம், கண்ணச் சிமிட்டுறதுக்குள்ள ஓடிப்போகும்."

"இல்லக்கா. வீட்டுல தோதுப்படல."

"யாரு போக வேணாம்னா?"

"யாரும் சொல்லலக்கா."

சைனப் அக்காவுக்குக் கண் கலங்கியது. கோபமும் வந்தது. "பொறும, பொறுமன்னு புகழ்ந்தே ஒன்னையக் கொன்னுட்டாங்கடி. அல்லா மேல ஆணையாச் சொல்றேன், எனக்கு ஒன்னப் பாத்தா ஆத்திரமா வருது" என்று சொல்லிவிட்டு விடுவிடென்று நடந்து போனாள்.

உள்ளே மூன்றாவது கட்டிலில் ஒச்சம்மாள் என்ற பெண்ணுக்கு வலி உச்சத்தில் இருந்தது. அவள் கத்தின கத்தில் ஆண்கள் வார்டிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். புருஷனை வைதாள், அவன் அப்பனை வைதாள், அவர்கள் வீட்டு மாட்டைக்கூட விடவில்லை. "ஏ நர்சு, கைய எடு! நான் வீட்டுக்குப் போறேன்!" என்று மாயக்காளை ஓர் உதை விட்டாள். மாயக்காள் அவள் காலைப் பிடித்துக்கொண்டு, "போகலாம், போகலாம். ஒரே ஒரு முக்கு முக்கிட்டுப் போ" என்றாள். பிள்ளை வெளியே வந்தது. பெண் பிள்ளை. வந்த வேகத்தில் ஆத்தாளுக்கு மேல் கத்தியது.

துடைத்துத் துணியில் சுற்றிக் கொடுத்ததும், ஒச்சம்மாளின் அக்காக்காரி டம்ளரோடு வந்தாள். பெண் பிள்ளைக்குச் சேனை கேட்டு வருவது அபூர்வம். மாயக்காளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"நர்சம்மா, ஒங்க கையால வைங்க. இவள மாதிரி வாயாடியா வந்துராம ஒங்களாட்டம் பொறுமையா வரட்டும். பொம்பளப் பிள்ளைக்கு அதுதான வேணும்?"

மாயக்காள் முழங்கை வரை கழுவிவிட்டு வந்தாள். விரல் நுனியைச் சீனித் தண்ணீரில் முக்கினாள். பிள்ளையின் உதட்டருகே கொண்டுபோனாள். பிள்ளை வாயைக் குவித்து விரலைத் தேடியது. வெளியே ரோட்டில் மதுரைக்குப் போகிற பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மாயக்காளின் விரல் அந்தரத்திலேயே நின்றது.

"என்னம்மா?" என்றாள் அக்காக்காரி.

மாயக்காள் குழாயடிக்குத் திரும்பிப் போனாள். சீனி ஒட்டிய விரலைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். திரும்பி வந்து, களைத்துக் கிடந்த ஒச்சம்மாளின் வலது கையைத் தூக்கினாள். ஸ்பிரிட் பஞ்சால் ஆட்காட்டி விரலை அழுத்தித் துடைத்து, டம்ளரில் முக்கி, அந்த விரலைப் பிள்ளையின் வாயில் வைத்தாள்.