சீர்த்தட்டில் வந்த வீடு

என் தம்பி முத்தமிழுக்கு நாற்பது வயது நெருங்குகிறது. இன்னும் பொம்மை வைத்துத்தான் விளையாடுகிறான். இப்படிச் சொன்னால் அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "வெளையாட்டு இல்லக்கா, டிசைன் பண்றேன்" என்பான். சரிப்பா, டிசைன்தான்.

அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில், லாரிகளை நிறுத்தி எடை பார்க்கும் வேலை அவனுக்கு. நாள் முழுக்கச் சுண்ணாம்புக்கல் புழுதியோடு மாரடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், சட்டையைக் கழற்றி மாட்டிய கையோடு கூடத்தில் பாயை விரித்துவிடுவான். ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் பிளாஸ்டிக் பொம்மைச் செங்கல்கள், நிறம் நிறமாகப் பிரித்து டப்பாக்களில் கிடக்கும். அவன் மனைவி பூவிழி வடகம் போட்டு வைத்திருந்த டப்பாக்களையும் விட்டு வைக்கவில்லை. பெட்டியின் மேல் இருக்கும் படத்தைப் பார்த்துக் கட்டுகிற ஆளில்லை அவன். "எந்த ஊருக் கோட்டையோ, அது எனக்கெதுக்கு?" என்பான். திருமானூரில் பஸ் நிற்கிற இடத்து டீக்கடை, அரியலூர் ரயில்வே ஸ்டேஷன், திருமழபாடியில் ஒரு மாடிவீடு, எல்லாம் அவனே கம்ப்யூட்டரில் வரைந்து, கல்கல்லாக யோசித்துக் கட்டியவை. கூரையைத் தூக்கினால் டீக்கடைக்குள் பாய்லர் இருக்கும், ஸ்டேஷனுக்குள் டிக்கெட் ஜன்னல் இருக்கும்.

பிடிவாதம் ஒன்று உண்டு. நேரில் போய் டேப் வைத்து அளக்காத இடத்தைக் கட்ட மாட்டான். போட்டோ காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். கட்டி முடித்ததும் அளக்க விட்டவர்களுக்குத்தான் முதலில் காட்டுவான். "அவங்க பார்த்து சரின்னு சொல்லணும்ல?" என்பான். கூடப் பிறந்த எனக்கே அதற்குப் பிறகுதான் தரிசனம்.

நான் வாழ்க்கைப்பட்டது விக்கிரமங்கலத்தில். என் வீட்டுக்காரர் குழந்தைவேலும் அவருடைய அண்ணன் தர்மனும் ஒரே வீட்டில் இருந்தவர்கள். போர்வெல் மோட்டாரை யார் எப்போது போடுவது என்று ஆரம்பித்த சண்டை, வீட்டுக்கு நடுவே கூடம், முற்றம், அடுப்படி என்று ஒரே கோடாகச் சுவர் எழுப்புகிற வரை போய்விட்டது. அந்தப் பக்கத்துக்குத் தனி வாசலும் வைத்துக்கொண்டார்கள். ஆம்பளைகள் முறைத்துக்கொண்டு திரிந்தால் திரியட்டும், எனக்கென்ன. எனக்கு என் ஓரகத்தி அம்மாக்கண்ணு அக்கா வேண்டும். என் மகள் மணிமொழி பிறந்தபோது பத்தியம் சமைத்துப் போட்டு, என்னைக் குளிப்பாட்டி, பிள்ளையைத் தொடையில் போட்டு வளர்த்தவர் அவர். சுவர் வந்தபின் அவர் பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

மணிமொழிக்குக் காது குத்த நாள் குறித்தோம். அக்காவை அழைக்கலாமா என்று மெல்ல வாயெடுத்தேன். "அவங்களைக் கூப்பிட்டேன்னா நான் பந்தல்லயே நிக்க மாட்டேன்" என்றார் இவர். அந்த அக்கா இல்லாமல் என் பிள்ளைக்கு என்ன காதுகுத்து? ஆனால் இவரை மீறி அழைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் முத்தமிழ் டேப்பும் கையுமாக வந்து இறங்கினான்.

"தோடு, பாவாடை சட்டை எல்லாம் எடுத்துட்டேங்க்கா. சீரோட சீரா மருமவ பொறந்த வூட்டையும் கட்டிக் கொண்டாரேன்."

"அடப் பாவி! தாய்மாமன் சீர்ல எவனாவது பொம்மை வூட்டைத் தூக்கிட்டு வருவானா? என் மானத்தை வாங்கிடாதடா."

காதிலேயே வாங்கவில்லை. கூடம், முற்றம், அடுப்படி என்று சுவர் வரைக்கும் அளந்தான். கொஞ்ச நேரத்தில் ஆளைக் காணோம். பார்த்தால் சுவருக்கு அந்தப் பக்கம் அவன் குரல்! "இந்த நுனியைப் புடிச்சுக்குங்கக்கா" என்கிறான். அம்மாக்கண்ணு அக்கா ஏதோ சொல்லிச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! இவர் காதில் விழுந்துவிடப் போகிறதே என்று பயந்துகொண்டே, சுவரோடு ஒட்டி நின்று கேட்டேன்.

விசேஷத்தன்று பிள்ளையார் கோயிலிலிருந்து மேளத்தோடு சீர் கிளம்பியது. நான் ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றேன். எங்கள் வாசலுக்கு முந்தியது அவர்கள் வாசல். மேளம் அங்கேயே நின்றுவிட்டது. எனக்குப் பகீரென்றது. அளக்க விட்டவர்களுக்குத்தான் முதலில் காட்டுவேன் என்ற தன் சட்டத்தை இந்தக் கிறுக்கன் இன்றைக்கும் விடவில்லை.

வாசலில் சீர் வந்து நின்றுவிட்டால் எங்கள் ஊர்ப் பொம்பளைகளுக்கு ஆரத்தி எடுக்காமல் இருக்க முடியாது. யார் வீட்டுச் சீர் என்று அப்புறம்தான் கேட்பார்கள். அம்மாக்கண்ணு அக்கா உள்ளே ஓடி அவசரமாகக் கரைத்து எடுத்து வந்து சுற்றினார். முத்தமிழ் சீர்த்தட்டில் இருந்த பொம்மை வீட்டின் கூரையைத் தூக்கிக் காட்டினான். அக்கா குனிந்து பார்த்தார். பார்த்தார், பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தத் தட்டை அவன் கையிலிருந்து வாங்கிச் சீரோடு நடந்து வந்துவிட்டார்.

பந்தல் வாசலில் இவர் குறுக்கே நின்றார். மேளக்காரர்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

"தள்ளுங்க தம்பி, கையி வலிக்குது" என்றார் அக்கா.

இவர் தள்ளி நின்றார்.

தட்டை இறக்கியதும் எல்லாரும் மொய்த்துக்கொண்டார்கள். எங்கள் வீடேதான். ஓடு, முற்றத்துத் துளசி, அடுப்படியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அடுப்பு. இவர் உற்றுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். முகம் சிவந்திருந்தது.

"எங்க மச்சான், சுவரு?"

முத்தமிழ் தலையைச் சொறிந்தான். "தப்பு நடந்துபோச்சு மாமா. இங்கேருந்து சுவரு வரைக்கும் அளந்தேன். அங்கேருந்தும் சுவரு வரைக்கும் அளந்தேன். ரெண்டையும் சேர்த்துக் கட்டிட்டேன். சுவரோட கனத்தைக் கணக்குல சேர்க்கல. கடைசியா வைக்கப் போனா எடமே இல்ல. வைக்கணும்னா பாதி வூட்டைப் பிரிக்கணும். வர்ற வாரம் வந்து சரி பண்ணிடறேன்."

அவன் பொய் சொல்லவில்லை. இப்படி ஒரு பிழை விட்டுவிட்டோமே என்று கண் கலங்கி நின்றான். வேலையில் பிசகினால் அவனுக்குச் சோறு இறங்காது.

பந்தல் ஓரத்தில் இவருடைய அண்ணன் தர்மன் வந்து நிற்பதை அப்போதுதான் கவனித்தேன். பெண்டாட்டி போன பின்னாலேயே வந்திருக்கிறார், செருப்புகூடப் போடவில்லை. இவரும் பார்த்துவிட்டார். அண்ணன் முகத்தைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்: "வளர்மதி, அண்ணனுக்கு எலை போடச் சொல்லு."

மணிமொழி தாய்மாமன் மடியில் உட்கார்ந்தாள். ஊசி இறங்கியதும் வீறிட்டு அழுதுகொண்டு அம்மாக்கண்ணு அக்காவிடம் தாவினாள். பெற்றவள் நான் பக்கத்திலேயே நிற்கிறேன்! எனக்கு வந்த சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

அண்ணன் தம்பி இன்னும் அளந்துதான் பேசிக்கொள்கிறார்கள். சுவரும் நிற்கிறது. ஆனால் அடுப்படிப் பக்கம் ஆள் நுழைகிற அளவுக்கு இடித்திருக்கிறார்கள். கடப்பாறை பிடித்தவர் இவர். பெயர்ந்த செங்கலை வாங்கி அடுக்கியவர் அவர் அண்ணன். என் தம்பி நன்றாக இருக்க வேண்டும். வேண்டாத சாமியில்லை அவனுக்காக.

சொன்னபடியே அடுத்த வாரம் அவன் ஒரு டப்பா நிறையச் சாம்பல் நிறக் கல்லோடு வந்து நின்றான். "அந்தச் சுவரை வெச்சுட்டுப் போயிடறேங்க்கா. தப்பா நிக்கிது, மனசே கேக்கல."

நான் வாய் திறப்பதற்குள், என் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மாக்கண்ணு அக்கா அரிவாள்மணையோடு திரும்பினார்.

"அதுல கைய வெச்சீங்க, இந்த வூட்டுல ரெண்டு அடுப்புலயும் உங்களுக்குச் சோறு கெடையாது."