எக்ஸும் ஒய்யும் பாதி ரொட்டியும்

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் இருந்தபோது என் வயிற்றில் மூத்த பிள்ளை. என் வீட்டுக்காரர் குமாஸ்தா பரீட்சையில் ஒருமுறை தோற்றிருந்தார். மறுபடியும் தோற்றால் பால்வெட்டுக்கு ரப்பர் தோட்டத்துக்கே திரும்ப வேண்டும்.

சொல்லிக்கொடுத்தால்தான் தனக்கு மனதில் நிற்கும் என்று, பெயர் மட்டும் எழுதத் தெரிந்த என்னை உட்காரவைத்தார். சிலேட்டில் எக்ஸின் மேல் ஒன்று, ஒய்யின் மேல் ஒன்று எனப் பின்னம் எழுதி, "கூட்டு புள்ள" என்றார். மேலதை மேலேயும் கீழதைக் கீழேயும் கூட்டினேன்.

"நானும் பரீட்சையில இப்படித்தான் போட்டேன்."

"அப்ப ஏங்க தோத்தீங்க?"

யோசித்தார். இரண்டு எழுத்துக்கும் பதிலாக இரண்டை வைத்துப் பார்த்தார்; நாலில் இரண்டு வந்தது. தட்டிலிருந்த ரொட்டியைப் பிட்டுப் பாதிகளைச் சேர்த்தார்; முழு ரொட்டி. "நம்ம கணக்குப்படி பாதியும் பாதியும் சேந்தா பாதிதான் வருது லா," என்று சிரித்தார். பிறகு எழுத்துகளையே வைத்து, இரண்டு பின்னத்துக்கும் கீழே ஒரே மாதிரி ஆக்கிவிட்டு மேலதை மட்டும் கூட்டினார்.

"எக்ஸ் எவ்வளவுன்னே தெரியாம கூட்டலாமாங்க?"

"தெரிய வேணாம். கீழ ஒண்ணா இருந்தா போதும்."

ஜன்னலுக்கு வெளியே ரயில் புகை மெல்லக் கரைந்தது. யாரென்று தெரியாத பிள்ளை உள்ளே புரண்டது. கனவில் இருப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன்.

அவர் தேறினார். பிள்ளை குவாட்டர்ஸிலேயே பிறந்தது. இன்றும் என் கையெழுத்து கோணல்தான். எக்ஸ் மட்டும் அச்சுப்போல் விழும்.