சத்தம் வராத அறை கேட்டவர்

பல்வலிக்கென்று அரசு ஆஸ்பத்திரிக்குப் போனவர் பல்லைக் காட்டாமலேயே திரும்பி வந்தார். அன்று நானும் ரத்தக்கொதிப்பு மாத்திரைக்காக அங்கே மருந்து ஜன்னலில் நின்றிருந்தேன், அதனால் எனக்குத் தெரியும். எனக்கு முன்னால் மலையிலிருந்து இறங்கி வந்த அம்மாள் ஒருத்தி. உள்ளே இருந்தவள் ஸ்பானிஷில் கத்துகிறாள். இவளுக்கோ மலை ஜனங்கள் பேசும் மாம் மொழியைத் தவிர வேறு தெரியாது, வெறும் கையை விரித்து விரித்துக் காட்டுகிறாள். பல்வலி வரிசையிலிருந்து செலதோனியோ விலகி வந்தார். "இவங்க என் பெரியம்மா. என்ன வேணும்னு என்கிட்ட சொல்லுங்க" என்றார். அவருக்குப் பெரியம்மா என்று யாரும் உயிரோடு இல்லை. பகல் முழுக்க அந்த அம்மாளோடு ஜன்னல் ஜன்னலாக அலைந்தார். சாயங்காலம் வீங்கிய கன்னத்தோடு வீட்டுக்கு வந்தவரிடம், "பல் என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"வரிசை நீளம், தோன்யா" என்றார், அம்மா என்கிற மரியாதையில். அவ்வளவுதான்.

அவர் என் வீட்டுப் பின்கட்டு அறையில் குடியிருந்தார். எங்கள் ஷேலா நகரத்தில் என்னைப்போல அறை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவர்கள் நிறையப் பேர். மடிக்கணினியோடு வரும் வெளிநாட்டுப் பிள்ளைகள், ஜன்னலைத் திறந்தால் எரிமலை தெரியுமா, இன்டர்நெட் வேகம் எவ்வளவு, வெந்நீர் வருமா என்று கேட்பார்கள். இவர் அதெல்லாம் கேட்கவில்லை. அறை நடுவில் நின்று கையைத் தட்டினார். சுவரில் காதை வைத்தார்.

"பக்கத்து வீட்டு நாய் குரைக்குமா?"

"நாய்னா குரைக்கத்தான் செய்யும்" என்றேன்.

"கேஸ் வண்டி ஹார்ன் அடிச்சுட்டு எந்தப் பக்கமா போகும்?"

"முன்தெருவுல."

"அப்ப இந்த அறையே போதும்" என்றார். எரிமலையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவர் வேலை தொலைபேசியில். எங்கள் மலை ஜனங்கள் எல்லை தாண்டி வடக்கே போகிறார்கள். அங்கே அடைக்கலம் கேட்டு நீதிபதி முன்னால் நிற்கும்போது அவர்கள் பேசுவது யாருக்கும் புரியாது. உடனே இந்த அறையில் இவர் காதுக்கு அழைப்பு வரும். அவர்கள் மாம் மொழியில் சொல்வதை இவர் ஸ்பானிஷில் சொல்வார். வேறெங்கோ இருக்கும் இன்னொருவர் அதை இங்கிலீஷில் சொல்வார். நீதிபதியின் பதிலும் அதே வழியில் திரும்பி வரும். மூன்று வாய் தாண்டித்தான் ஒருத்தர் உயிர் போய்ச் சேர வேண்டும். நடுவில் ஒரு சொல் விழுந்துவிட்டால், யாருக்குப் பயந்து ஓடினார்களோ அவர்களிடமே திருப்பி அனுப்பிவிடலாம். அதனால்தான் மனுஷனுக்குச் சத்தம் என்றால் அவ்வளவு பயம்.

சுவர் முழுக்கக் கம்பளி தொங்கவிட்டார். மத்தியான மழையில் கரண்ட் போகும் என்று பேட்டரி வாங்கி வைத்தார். இன்டர்நெட்டுக்கு இரண்டு கம்பெனி, ஒன்று படுத்தால் இன்னொன்று. அவர் கதவில் சிவப்புத் துணி தொங்கினால் நான் மிக்ஸி போட மாட்டேன், தொட்டியில் துணி துவைக்க மாட்டேன். ஜெபமாலையைக்கூட வாய்க்குள்ளேயே சொல்லுவேன்.

அந்த வேலைக்கு ஒரு சட்டம் உண்டு. சொந்தமாக ஒரு வார்த்தை பேசக் கூடாது. எந்த ஊர், யார் மகள் என்று கேட்கக் கூடாது. அவர்கள் 'நான்' என்றால் இவரும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். கம்பளி தொங்கவிடுவதற்கு முன்னால் ஒரு நாள், மூலையில் தோர்த்தியா சோள ரொட்டி சுட்டு விற்கும் தோன்யா சோனா என் அடுப்படிக்கு ஓடி வந்தாள்.

"ஏ ஃபெலிசா! உன் வீட்டு ஆம்பள ஏழு மாசமாம்டி!"

"என்ன ஏழு மாசம்?"

"கர்ப்பம்! 'நான் ஏழு மாசக் கர்ப்பிணி, ஐயா'ன்னு அவனே சொல்றான். என் ரெண்டு காதால கேட்டேன்."

செலதோனியோ வெளியே வந்ததும் அவர் வயிற்றைத் தட்டிப் பார்த்தாள். "மகனே, ரெண்டு பேருக்குச் சாப்பிடணும், இந்தா" என்று சூடாக நாலு தோர்த்தியாவைக் கையில் திணித்தாள். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சோனாவின் மகன் வடக்கே போய்ப் பல வருஷம் ஆகிறது. வரமாட்டான் என்று அவளுக்கும் தெரியும். அந்த நாளிலிருந்து இவர்தான் அவளுக்கு மகன்.

எப்படியோ அவர் பிறந்தநாளை அவர் வாயிலிருந்தே பிடுங்கிவிட்டாள். பிறந்தநாள் என்றால் வாசலில் சரவெடி கொளுத்தாமல் இங்கே யாரும் சும்மா இருக்க மாட்டார்கள். விடியலில் ஒன்று, உச்சியில் ஒன்று. வெடிக்கிற வேகத்துக்கு அந்தச் சரத்துக்கு இயந்திரத் துப்பாக்கி என்றே பெயர். பாவம், சோனா யோசிக்காமல் செய்தவள் இல்லை. விடியலில் அவர் தூங்கட்டும் என்று விட்டுவிட்டாள். கோயில் மணி பன்னிரண்டு அடித்தால் அவர் சாப்பிட வெளியே வருவார், ஒரு நாளும் தவறினதில்லை. மணி அடித்ததும் கொளுத்தலாம் என்று சரத்தைக் கொண்டுவந்து அவர் அறைக்கு நேராகப் பின்சந்தில் விரித்துக் காத்திருந்தாள். சிவப்புத் துணி உள்முற்றத்துப் பக்கம் தொங்கியது, சந்திலிருந்து தெரியாது. அன்று விசாரணை இழுத்துக்கொண்டே போயிருக்கிறது.

வியாழக்கிழமை. உருளைக்கிழங்கு மாவில் பாச்சே அவிக்க இலை வாங்கிக்கொண்டு சந்தையிலிருந்து வந்துகொண்டிருந்தேன். தெருமுனைக்கு வந்தபோது வெடிச்சத்தம் கேட்டது. வீட்டுக்கு வந்தால் முற்றம் நிறையப் புகை, ஜனம், பாட்டு. செலதோனியோ கழுத்தில் காது மாட்டியோடு கதவடியில் நிற்கிறார். முகத்தில் ரத்தமில்லை. சோனா போய்க் கட்டிக்கொண்டாள்.

"எப்படிடா மகனே வெடி? சந்தே அதிர்ந்துச்சா?"

"அதிர்ந்துச்சு, தோன்யா சோனா" என்றார். குனிந்து அவள் நெற்றியில் முத்தம் கொடுத்தார். எல்லாரோடும் உட்கார்ந்து பாச்சே சாப்பிட்டார். கடைசி ஆள் போகும்வரை உட்கார்ந்திருந்தார்.

பிறகுதான் என்னிடம் சொன்னார். சட்டத்தை மீறி அவர் பேசியது அந்த ஒரு தடவைதான். அப்போதும் பேர் சொல்லவில்லை. அவருக்கே பேர் தெரியாது, ஒரு எண் மட்டும்தான்.

"ஒரு பொண்ணு, தோன்யா. பேச்சுலயே தெரிஞ்சுது, எங்க மலைதான். எங்க ஓடைக்கு அந்தப் பக்கமா இருக்கணும். அவ வீட்டுக் கதவ ஆளுங்க உடைச்சுட்டு வந்தத சொல்லிட்டிருந்தா. அதச் சொல்ல வைக்கவே காலைலேர்ந்து ஆச்சு. புருஷன வெளிய இழுத்துட்டுப் போனாங்க, அப்புறம்னு ஆரம்பிச்சா. அந்த நேரத்துல வெடிச்சுச்சு."

நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

"'உங்க இடத்துக்கும் வந்துட்டாங்களா?'ன்னு கேட்டா. அதையும் நான் ஸ்பானிஷ்ல சொன்னேன். அதுதானே வேலை. இது பட்டாசு, அவகிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லிக்கலாமான்னு நீதிபதிகிட்ட அனுமதி கேட்டேன். கேள்வி போய்ப் பதில் வர்றதுக்குள்ள அவ வாயை மூடிட்டா. தங்கச்சி, பட்டாசு, வேற ஒண்ணுமில்லன்னு சொன்னேன். நம்பல. அவங்க பிடியில உட்கார்ந்துதான் நான் பேசறேன்னு நினைச்சிருப்பா. வேற ஏதாவது சொல்லணுமான்னு நீதிபதி திரும்பத் திரும்பக் கேட்டார். மூச்சு மட்டும் கேட்டுச்சு. மனு தள்ளுபடின்னு அவகிட்ட நானேதான் சொன்னேன்."

"அவளுக்காக ஜெபிப்போம். பேர் தெரியாட்டி என்ன, ஆண்டவருக்குத் தெரியும்."

"ஆண்டவருக்கு மாம் தெரியுமா, தோன்யா?"

"தெரியாம இருக்குமாப்பா?"

"அப்ப அவரே பேசியிருக்கலாம்."

தினமும் அவளுக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். திருப்பி அனுப்பினார்களா, மேல்மனு போட யாராவது வந்தார்களா, இருக்கிறாளா என்று கேட்டறிய ஒரு வழியும் கிடையாது. அழைப்பு அனுப்பும் கம்பெனிக்கு அவர் எழுதிக் கேட்டார். அது சட்டத்துக்கு விரோதம் என்று பதில் வந்தது. அவரை அவர்கள் வேலையை விட்டு நிறுத்தவில்லை. சில நாள் ஓய்வு எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள்.

ஓய்வு முடிந்து உட்கார்ந்தார். மணி அடிக்கும், எடுப்பார், வணக்கம் சொல்வார். அதற்குமேல் குரல் எழும்பாது. மூன்றாவது வாய் எங்கோ காத்திருக்கும், நீதிபதி காத்திருப்பார், இவர் காது மாட்டியைக் கழற்றி வைத்துவிட்டுக் கம்பளியைப் பார்த்துக்கொண்டிருப்பார். சோனா தோர்த்தியா கொண்டுவந்து, "என்னடா, பிரசவத்துக்கு அப்புறம் இளைச்சுட்டே!" என்பாள். அதற்கு மட்டும் சிரிப்பார். பிறகு அழைப்பு வருவதும் நின்றது.

ஒரு சனிக்கிழமை காலை கம்பளிகளைச் சுருட்டிக் கட்டினார். பஸ் நிலையம்வரை நானும் போனேன்.

"மலையில என்ன செய்வீங்க?" என்றேன்.

"உருளைக்கிழங்கு போடுவேன். அது பேசாது."

"ஓடைக்கு அந்தப் பக்கம் விசாரிச்சுப் பார்ப்பீங்களா?"

"யாருன்னு விசாரிப்பேன்? அந்தப் பக்கம் பாதி வீடு பூட்டிக் கிடக்கு, தோன்யா."

பஸ்காரன் மூட்டையை மேலே ஏற்றிக் கட்டினான். செலதோனியோ படியில் ஒரு காலை வைத்துவிட்டு, திரும்ப இறங்கி என் பக்கத்தில் வந்தார்.

"தோன்யா சோனாவுக்கு இது தெரிய வேண்டாம். ஏன் போனான்னு கேட்டா, கரண்ட் அடிக்கடி போகுது, அதான்னு சொல்லிடுங்க."