சான் லெரிடோ என்றொரு கார்

டெட்ராய்ட்டில் ஒரு கார்க் கம்பெனியின் விளம்பரப் பிரிவில் கிளாரன்ஸ் வேண்டர்மோலனுக்கு வேலை. புது வண்டிகளுக்குப் பெயர் வைப்பது. பாயும் சிறுத்தை, சீறும் குதிரை, சுழன்றடிக்கும் காற்று எல்லாம் அவர் வைத்தவைதான். பக்கத்து வீட்டு நாய் குரைத்தால் மட்டும் தெருவைச் சுற்றிக்கொண்டு போவார்.

ஐம்பத்தாறாம் வருஷம் ஒரு காலை, கம்பெனித் தலைவர் ஹோல்கம் அவரைக் கூப்பிட்டார்.

"மிருகமெல்லாம் தீந்துபோச்சுய்யா. எனக்கு ஊர்ப்பேர் வேணும். ஸ்பானிஷ் வாசனை அடிக்கணும். கேட்டதும் கடற்கரையும் பணக்காரனும் கண்ணுல தெரியணும். சாயங்காலத்துக்குள்ள!"

மதியம் வரை எதுவும் தோன்றவில்லை. சாப்பாட்டுக்கு மத்தி மீன் டப்பாவைத் திறந்தபோது மூடியில் ஓர் ஊர்ப்பெயர் இருந்தது: சான் லெரிடோ, கலிபோர்னியா.

கூட்டத்தில் அதைச் சொன்னதும் ஹோல்கம் கண்களை மூடிக்கொண்டார். "ஆஹா! நான் அங்க போயிருக்கேனே!"

"எங்க தேனிலவே அங்கதான் சார்," என்றார் துணைத் தலைவர் பிரிட்சர்ட்.

ஆளாளுக்கு அங்கே போய்வந்திருந்தார்கள். போகாத ஒரே ஆள் கிளாரன்ஸ்தான். டப்பாவைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

அறிமுக விழாவையும் அந்த ஊரிலேயே வைத்துவிடுவதென்று முடிவானது. ஏற்பாடு செய்ய முன்கூட்டியே போன கிளாரன்ஸ், பேருந்திலிருந்து இறங்கியதும் மூக்கைப் பிடித்துக்கொண்டார். மீன் ஆலை, ஒரு சாராயக் கடை, கூரையெல்லாம் கடற்புறா எச்சம். ஊரே அவ்வளவுதான். உடனே ஹோல்கமுக்குப் போன் செய்தார்.

"சார், இங்க கொஞ்சம் நாத்தமா இருக்கு..."

"கடல்னா உப்பு வாசனை இருக்கத்தான்யா செய்யும். எனக்கே சொல்லித் தர்றியா?"

விழா அன்று நிருபர்கள் சூழ ஹோல்கம் வந்திறங்கினார். நாற்றம் தாங்காமல் முகம் கோணிப்போனது. பிரிட்சர்டைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்படியேதான் இருக்கு சார்," என்றார் பிரிட்சர்ட், கைக்குட்டைக்குள்ளிருந்து. "கொஞ்சங்கூட மாறல."

"ஆமா, ஆமா," என்றார் ஹோல்கம். வேறென்ன சொல்வார்?

பத்திரிகைப் படங்களில் நாற்றம் விழவில்லை. கார் அமோகமாக விற்றது. கிளாரன்ஸுக்குப் பதவி உயர்வும் ஜன்னல் வைத்த அறையும் கிடைத்தன.

"நாமளும் ஒரு சான் லெரிடோ வாங்கலாமேங்க," என்றாள் மனைவி ஜெனிவா.

அவர் வாங்கியது போட்டிக் கம்பெனி வண்டி. அதற்குப் பெயரே கிடையாது, வெறும் எண்தான். அலுவலகத்துக்கு இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு, மிச்சத் தூரத்தை நிம்மதியாக நடந்தே போனார்.