மாதிரிக் கப்பலின் வலை

மலேசியாவின் கெலாங் பாத்தாவில் நான் வேலை பார்க்கும் பட்டறையில் மாதிரிக் கப்பல்கள் செய்கிறோம். சென்ற ஆண்டு ஒரு வெளிநாட்டு அருங்காட்சியகத்துக்காக, ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக அட்லாண்டிக் கடல் தாண்டிக் கொண்டுபோன பழைய பாய்மரக் கப்பல் ஒன்றைச் செய்தோம். வரைபடம் என் பொறுப்பு. மரமும் நூலும் தச்சர் அண்ணன் பொறுப்பு.

பட்டியல் போடாமல் எனக்கு வேலை ஓடாது. அந்தக் கப்பல் மாலுமிகளின் வேலைகளை எழுதினேன்: பாய் ஏற்றுவது, மொச்சையும் அரிசியும் வேகவைப்பது, கீழ்த்தளத்தைக் கழுவுவது, காவல் நிற்பது, மேல்தளத்தின் ஓரமெங்கும் வலை கட்டுவது. வலைக்கு எதிரே, 'நோக்கம்' என்ற கட்டத்தில், "மாலுமிகள் கடலில் விழாமல் காக்க" என்று போட்டேன். முன்பு கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் இருந்தவள் நான். அங்கே வலை அதற்குத்தான். அப்படியே விளக்கப் பலகையிலும் அச்சாகிவிட்டது.

அனுப்பும் நாள் காலையில் மாலுமிகள் படுக்கும் இடத்தைச் சரிபார்க்க, அருங்காட்சியகத்தின் குறிப்புகளைத் திறந்தேன். அவர்களுக்குப் படுக்கையே இல்லை. வெயிலோ மழையோ, திறந்த தளத்தில்தான் கிடந்திருக்கிறார்கள். அடுத்த வரியில் வலை இருந்தது: சிறைப்பட்டவர்கள் கடலில் குதித்துவிடாமல் தடுக்க.

"அண்ணே, பெட்டிய மூடாதீங்க!"

"அலமாக்! லாரிக்காரரு ரெண்டு கிளாஸ் தே தாரிக் டீ குடிச்சிட்டு உக்காந்திருக்காரு லா."

குறிப்பைப் படித்துக் காட்டினேன். அவர் கப்பலில் நிறுத்தச் செய்திருந்த குட்டி மர மனிதன் ஒருவனை எடுத்து வலைக் கண்ணில் விட்டுப் பார்த்தார். தடையில்லாமல் நுழைந்து வெளியே விழுந்தது.

"ஆளே பூந்துட்டான். நானும் தப்பாத்தாம்மா கட்டியிருக்கேன்."

"லாரி?"

"நாளைக்கு வரட்டும். இந்தப் பலகையோட போனா, பாக்குற பிள்ளைங்க அதைத்தானே நம்பும்?"

லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டுப் பலகையை மாற்றி எழுதினேன். அவர் பழைய வலையை அறுத்துவிட்டு, இடுக்கியால் நூலைப் பிடித்து, முடிச்சு முடிச்சாக மறுபடி கட்டினார். மாலையாகிவிட்டது. மர மனிதனை மீண்டும் வைத்து அழுத்தினார். நுழையவில்லை.

"பாத்தியா, கல்லு மாதிரி நிக்குது," என்றார். சொன்ன வேகத்திலேயே கையை இழுத்துக்கொண்டார்.

மழையில் நனைந்து எழுந்த மாலுமி ஒருவனும் தன் வலையை இப்படித்தான் இழுத்துப் பார்த்திருப்பான். அதையும் தாண்டிக் குதித்தவர்கள் இருந்தார்கள் என்கிறது குறிப்பு. மாதிரியில் அந்த வலை என் சுண்டுவிரல் உயரம்கூட இல்லை. பக்கத்தில் மர மனிதனை நிறுத்திப் பார்த்தேன். அவன் தலைக்கு மேலே வெகு உயரத்தில் இருந்தது.