கொள்ளுப்பாட்டியின் இன்னொரு பிரதி

பழைய ஸ்டூடியோ படங்களைச் சேர்க்கும் கிறுக்கு எனக்கு உண்டு. நூறு, நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் எடுத்தது, உள்ளங்கை அளவு, தடித்த அட்டையில் ஒட்டியது. அப்படியொன்று கண்ணில் பட்டால் எனக்குச் சோறு இறங்காது. சேகரிப்பவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழுவும் இருக்கிறது. அன்றைக்குக் காலையில் அதைத் திறந்ததுதான் வினையாகப் போயிற்று.

விற்பனைக்கு என்று ஒருவர் போட்டிருந்த படத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் இருப்பவள் உட்கார்ந்திருந்தாள். என் மாமியாரின் கொள்ளுப்பாட்டி. அதே நாற்காலி, அதே லேஸ் வைத்த சட்டை, மடியில் விரித்த அதே புத்தகம். அட்டையின் பின்பக்கத்தையும் போட்டிருந்தார். 'தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்' என்று ஆங்கிலத்தில் அச்சு, கீழே ஒரு எண். பேரில்லை, ஊரில்லை. அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர்கள் யாரையாவது உட்காரவைத்து எடுத்து, பிரதி போட்டு வெள்ளைக்காரர்களுக்கு விற்ற படங்களில் ஒன்று. அப்படியென்றால் எங்கள் சுவரில் இருப்பவள் கொள்ளுப்பாட்டியே இல்லை, யாரோ ஒருத்தி.

மாமி அந்தப் படத்தைப் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தவர். குடும்பத்தில் முதன்முதலாக எழுத்துப் படித்தவள் அவள்தான் என்பதில் அவருக்கு அவ்வளவு பெருமை. தினமும் ஜெபம் முடிந்ததும் முந்தானையால் கண்ணாடியைத் துடைப்பார். சபையின் ஆண்டு மலரில் 'நம் முதல் ஆசிரியை' என்று அதை அச்சிடப் போகிறார்கள். மறுநாள் படமெடுக்க ஆள் வருகிறார். அந்த வாட்ஸ்அப் குழுவில் எங்கள் சபைக்காரர்களும் இரண்டு பேர் உண்டு. அவர்கள் மலரைப் புரட்டினால் போதும், அடுத்த ஞாயிறுக்குள் கதை ஆரல்வாய்மொழியைத் தாண்டி அடுத்த மாவட்டத்துக்கே போய்விடும்.

சொல்லவா? சொன்னால் அந்த மனுஷி உடைந்துபோவார். சொல்லாவிட்டால் ஊர் முன்னால் தலைகுனிவார். நாளெல்லாம் இதே யோசனை. மீன்குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டேன்.

"ஏட்டி, ஒனக்கு சொகமில்லியா? மொகம் வாடிக் கெடக்கு" என்றார் மாமி.

"ஒண்ணுமில்ல மாமி, தலவலி."

சாயங்காலம் அவர் பெண்கள் கூட்டத்துக்குக் கிளம்பியதும் படத்தை இறக்கினேன். ஒருவேளை வேறு படமாக இருக்கக் கூடாதா? பின்பலகையின் ஆணிகளைக் கத்தி முனையால் நெம்பினேன். அட்டையைத் திருப்பினால் அதே அச்செழுத்து, அதே எண். அதன் கீழே பென்சிலில், மங்கலாக, தமிழில் ஒரு வரி: 'அம்மைக்குப் படம் கிடையாது. இவள் அச்சாக அம்மையைப் போலிருக்கிறபடியால் வாங்கினேன்.'

"என்ன மக்களே செய்யுத?"

மூக்குக்கண்ணாடியை மறந்துபோய்த் திரும்பி வந்த மாமி கதவருகே நின்றார். மறைக்க நேரமில்லை, பொய்யும் வாயில் வரவில்லை. காலையிலிருந்து நடந்த அவ்வளவையும் அழுகையோடு கொட்டிவிட்டேன்.

அவர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு அந்த வரியை வாசித்தார். உதட்டை அசைத்தபடி திரும்பவும் வாசித்தார். விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"எங்க பாட்டாக்க எழுத்தாக்கும் இது."

பாட்டா என்றால் அவருடைய தாத்தா, அந்தக் கொள்ளுப்பாட்டி பெற்ற மகன்.

"இத்தன வருசமா இது பாட்டாக்க அம்மைக்க மொகந்தானான்னு எனக்கு யாரும் சாட்சி சொன்னதில்ல" என்றார். "பெத்த மவனுக்குத் தெரியாதா? நாளைக்கு வாற ஆளுகிட்ட பின்பக்கத்தையும் எடுக்கச் சொல்லு."